ஸ்க்விரல்ஃப்ளைட்டின் பொய், ஆஷ்ஃபரின் கோபம்: வாரியர்ஸ் தொடரில் யாருடைய வளர்ச்சி உங்களை உலுக்கியது?

மழைப்பூனை எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘தி புரோக்கன் கோட்’ வரிசையின் முடிவையும் அதற்குப் பிறகு வந்ததையும் மறைக்காமல் பேசப் போகிறேன். அந்த இடம் வரை வராதவர்கள் படித்து முடித்துவிட்டு வாருங்கள், இழை இங்கேயேதான் இருக்கும்.

காட்டுப் பூனைக் குலங்களைப் பற்றிய நாவல் தொடர் இது. 2003இல் முதல் புத்தகம் வந்தபோது இது ஒரு வீட்டுப் பூனையின் கதை. ரஸ்டி என்கிற செம்பட்டைப் பூனை வீட்டை விட்டுக் காட்டுக்குப் போய், தண்டர்கிளான் என்ற பூனைக் குலத்தில் சேர்ந்து, ஃபயர்பா ஆகி, ஃபயர்ஹார்ட் ஆகி, ஆறாவது புத்தகத்தில் ஃபயர்ஸ்டார் என்ற தலைவன் ஆகிறான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் அவன் பெரிதாக மாறுவதில்லை. முதல் அத்தியாயத்திலேயே அவன் நல்லவன், துணிச்சல்காரன், அநியாயம் கண்டால் பொறுக்காதவன். கடைசியிலும் அப்படியே. மாறுவது அவனுடைய பதவிதான்.

இந்தத் தொடரின் உண்மையான ஆழம் அவன் மகள்களிடம் இருக்கிறது என்பது என் கட்சி. அதிலும் ஸ்க்விரல்ஃப்ளைட்.

2005இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில் அவளை முதலில் பார்க்கும்போது வாயாடிப் பயிற்சிப் பூனை. நான்கு குலங்களில் இருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட பூனைகள் கடல் பக்கம் பயணம் கிளம்பும்போது, அழைப்பே இல்லாமல் கூடவே ஒட்டிக்கொண்டு போகிறவள். அப்பாவிடம் சண்டை, பின்னாளில் அவள் துணைவனாகப் போகிற பிராம்பிள்க்ளாவிடம் சண்டை. அவளுடைய பிடிவாதத்தை அப்போது நாம் ரசித்தோம், சிரித்தோம். அந்தப் பிடிவாதம் பின்னால் எவ்வளவு கனமான ஒன்றைச் சுமக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

அப்புறம் அவள் உடன்பிறந்த மருத்துவப் பூனை லீஃப்பூல் விஷயம். மருத்துவப் பூனை துணை தேடக் கூடாது, குட்டி பெறக் கூடாது. அவளோ வின்ட்கிளானின் க்ரோஃபெதரோடு போய்த் திரும்பி வருகிறாள், வயிற்றில் குட்டிகளோடு. ஸ்க்விரல்ஃப்ளைட் அந்த மூன்று குட்டிகளையும் தன் குட்டிகள் என்று சொல்லி வளர்க்கிறாள். ஜேஃபெதர், லயன்பிளேஸ், ஹாலிலீஃப். துணைவன் பிராம்பிள்க்ளாவுக்கே தெரியாது. குட்டிகளுக்கும் தெரியாது. படிக்கிற நமக்கும் தெரியாது! மூன்றாம் வரிசை முழுக்க அந்தக் குட்டிகளின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், அதனால் அவள் நமக்கும் வெறும் அம்மாதான். எப்போதாவது பாசமாக நக்கிக் கொடுப்பாள், எப்போதாவது அதட்டுவாள். ஓரத்தில் நிற்கிற பாத்திரம்.

‘லாங் ஷேடோஸ்’ புத்தகத்தில் அந்தத் தீ வருகிறது. புயல், மின்னல், பாறை விளிம்பில் மூன்று குட்டிகளும் நெருப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்க்விரல்ஃப்ளைட் ஒரு மரக்கிளையை இழுத்துப் போட்டு வழி செய்கிறாள். அதே குலத்து ஆஷ்ஃபர் அந்தக் கிளையின் முனையில் வந்து நின்று மறிக்கிறான். தன்னை விட்டுவிட்டு பிராம்பிள்க்ளாவிடம் போனவளுக்கு வலி என்றால் என்ன என்று காட்ட வேண்டும் அவனுக்கு. குட்டிகளைக் கொன்றால்தான் அவளுக்கு வலிக்கும் என்று அவன் கணக்குப் போடுகிறான். அவள் சொல்கிறாள், கொன்றுகொள், அவர்கள் என் குட்டிகளே இல்லை என்று.

இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை திரும்பப் படித்திருக்கிறேன். இவ்வளவு காலம் காப்பாற்றிய ரகசியத்தை, யாருக்காகக் காப்பாற்றினாளோ அவர்கள் காதில் விழும்படியே போட்டு உடைக்கிறாள். உடைத்தால்தான் அவர்கள் உயிர் பிழைக்கும். உயிர் பிழைத்த பிறகு அவர்கள் தன்னை அம்மா என்று கூப்பிட மாட்டார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில், அதுவரை ஓரத்தில் நின்ற பாத்திரம் தொடரின் நடுவுக்கே வந்துவிடுகிறாள். அவள் பார்வையில் ஒரு வரிகூட எழுதாமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

அதன் பிறகு அவளுக்குக் கிடைத்தது என்ன? பிராம்பிள்க்ளா முகம் திருப்பிக்கொள்கிறான். வளர்த்த பிள்ளைகள் விலகிப் போகிறார்கள். ஹாலிலீஃப் ஆஷ்ஃபரைக் கொன்றுவிட்டு, பௌர்ணமிக் கூட்டத்தில் எல்லாக் குலத்துக்கும் நடுவே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு ஓடிப்போகிறாள். இவ்வளவுக்கும் பிறகு ஸ்க்விரல்ஃப்ளைட் ஒடுங்கிப் போகவில்லை. செய்தது தவறு என்றால் தவறுதான், ஆனால் மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்கிற மாதிரி நிமிர்ந்து நடக்கிறாள். பிடிவாதக்காரக் குட்டி மறைந்து போகவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி ஆஷ்ஃபர். செத்த பிறகு அவன் ஸ்டார்கிளானில், அதாவது நல்ல பூனைகள் போய்ச் சேரும் வானுலகில் இருக்கிறான் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அளவுக்கு மீறி நேசித்ததுதான் அவன் செய்த குற்றம் என்று அங்கே அவனுக்கு ஒரு வக்காலத்து வேறு. மூன்று உயிரை நெருப்பில் தள்ளப் பார்த்தவனுக்கு! 2019இல் ‘தி புரோக்கன் கோட்’ தொடங்கி, பிராம்பிள்ஸ்டாரின், அதாவது தலைவனாகிவிட்ட பிராம்பிள்க்ளாவின், உடம்புக்குள் புகுந்திருப்பது ஆஷ்ஃபர்தான் என்று தெரிந்தபோது நான் கைதட்டினேன். ஒரு தொடர் தன் பழைய தீர்ப்பைத் தானே எடுத்துத் திரும்ப விசாரிக்கிறது. எத்தனை தொடர்களுக்கு அந்தத் தைரியம் இருக்கிறது?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஆஷ்ஃபர் ரசிகர்களும் வரலாம், கடிக்க மாட்டேன்.

கரிச்சான் எழுதியது:

வந்துவிட்டேன். ஆஷ்ஃபர் ரசிகன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பாத்திரத்தை நாசமாக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறவன்.

சகோ, முதல் வரிசையை மறந்துவிட்டீர்கள். ஆஷ்ஃபரின் அம்மா பிரிண்டில்ஃபேஸ். முதல் வரிசையின் வில்லன் டைகர்ஸ்டார் அவளைக் கொன்றது, நாய்க் கூட்டத்துக்குப் பூனை ரத்தத்தின் ருசியைக் காட்டத்தான். அப்போது ஆஷ்ஃபர் பயிற்சிப் பூனை. அந்த நாய்களைப் பள்ளத்தாக்கு வரை ஏமாற்றி இழுத்துப் போகும் திட்டத்தில் அவனும் தங்கை ஃபெர்னும் முன்வந்து ஓடினார்கள். அம்மாவுக்காக. அந்தக் குட்டியை நினைத்துப் பாருங்கள். பிறகு அவன் நேசித்தவள் யாரிடம் போகிறாள்? பிராம்பிள்க்ளாவிடம், டைகர்ஸ்டாரின் மகனிடம். அச்சில் அப்பன் முகம்!

இதில் எவ்வளவு வலி இருக்கிறது. அந்த வலியில் இருந்து அவன் கோணிப்போவதை நிதானமாகக் காட்டியிருந்தால் அது வளர்ச்சி, இல்லை வீழ்ச்சி, எப்படியோ ஒன்று. ‘புரோக்கன் கோட்’ அதைச் செய்யவில்லை. ஸ்டார்கிளானையே அடைத்துவைக்கிறான், ஆவிகளை ஆட்டிப்படைக்கிறான், கெட்ட பூனைகள் செத்த பிறகு போகும் இருண்ட காட்டில் அரசனைப் போல் உட்கார்ந்துகொள்கிறான். காதலில் தோற்ற ஒரு சாதாரணப் பூனைக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? மனசு புரிகிற வில்லனை எடுத்து, பயமுறுத்தும் பொம்மையாக்கிவிட்டார்கள்.

இன்னொன்று. எரின் ஹன்ட்டர் என்பது ஒரே ஆள் இல்லை. கேட் கேரி, செரித் பால்ட்ரி, கதையை வகுத்துக் கொடுத்த விக்டோரியா ஹோம்ஸ் என்று பலர் சேர்ந்த புனைபெயர். வருஷக்கணக்கில் பலர் கை மாறும்போது ஒரு பாத்திரம் ஒரே பாத்திரமாக இருப்பதே கஷ்டம். நீங்கள் தைரியம் என்கிறீர்கள், எனக்கு அது தையல் பிரிந்த இடமாகத் தெரிகிறது.

வெண்முகில் எழுதியது:

நான் முதல் ஆறு புத்தகத்தோடு நின்றுவிட்டவள், அதனால் பாதிப் பெயர்கள் எனக்குப் புதுசு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ச்சி என்றால் எனக்கு ஃபயர்ஸ்டாருக்கு முந்தைய தலைவி ப்ளூஸ்டார்தான்.

எவ்வளவு கம்பீரமாக அறிமுகமாகிறாள்! அவள் நம்பித் துணைத் தலைவனாக்கிய டைகர்க்ளாவே, பின்னாளில் டைகர்ஸ்டார் ஆனவனே, அவளைக் கொல்லப் பார்த்தான் என்று தெரிந்ததும் அப்படியே உடைந்து போகிறாள். யாரையும் நம்புவதில்லை. ஸ்டார்கிளான் மீதே போர் தொடுத்தவள் மாதிரி பேசுகிறாள். நாய்கள் கடித்துக் குதறிய பிரைட்பா சாகக் கிடக்கும்போது, அவளுக்கு லாஸ்ட்ஃபேஸ் என்று பெயர் வைக்கிறாள், வானத்தில் இருப்பவர்கள் தாங்கள் செய்ததைப் பார்க்கட்டும் என்று. அந்த இடத்தில் ப்ளூஸ்டார் மீது எனக்கு வெறுப்பே வந்தது. வின்ட்கிளான் மீது காரணமில்லாமல் போருக்குப் போகிறாள், ஃபயர்ஹார்ட் அவளை மீறி அதைத் தடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு தலைவியை இவ்வளவு கீழே இறக்கிக் காட்டிவிட்டு, கடைசியில் நாய்க் கூட்டத்தின் தலைவனோடு சேர்ந்து பள்ளத்தாக்கில் பாயும்போது அவளை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில், வயதான ஒரு பெண் பாத்திரத்துக்கு மனம் பேதலிப்பதை இவ்வளவு நேராக எழுதியதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மழைப்பூனை எழுதியது:

வெண்முகில் அக்கா, நீங்கள் ‘ப்ளூஸ்டார்ஸ் ப்ராஃபெசி’ படித்தே ஆக வேண்டும், 2009இல் வந்தது. அவள் தன் குட்டிகளை ரிவர்கிளானில் விட்டுக்கொடுக்கும் பனி இரவு அதில் இருக்கிறது. மூன்று குட்டிகளில் ஒன்று வழியிலேயே குளிரில் இறந்துவிடும். அதைப் படித்த பிறகு முதல் வரிசையில் அவள் பிழைத்த குட்டிகளான மிஸ்டிஃபுட்டையும் ஸ்டோன்ஃபரையும் பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் வேறாகத் தெரியும். லீஃப்பூலின் கதைக்கும் இதுதான் முன்னோட்டம், குலத்துக்காகக் குட்டிகளைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டிய தாய். இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வருகிற வலி அது.

கரிச்சான், பிரிண்டில்ஃபேஸை நீங்கள் கொண்டுவருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லா ஆஷ்ஃபர் விவாதமும் அங்கேதான் வந்து நிற்கும். சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

தீ எரியும் அந்த இடத்தில் ஆஷ்ஃபர் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறான். ‘சன்செட்’ புத்தகத்தில் ஃபயர்ஸ்டார் நரிப்பொறியில் கழுத்து மாட்டிக் கிடந்தாரே, அதில் தனக்குப் பங்கு உண்டு என்று. அந்தச் சதியில் அவனோடு கூட்டு யார்? ஹாக்ஃப்ராஸ்ட். டைகர்ஸ்டாரின் இன்னொரு மகன்! அம்மாவைக் கொன்றவனின் ரத்தம் என்பதற்காகத்தான் பிராம்பிள்க்ளா மீது ஆஷ்ஃபருக்கு வெறுப்பு என்றால், அதே ரத்தத்தோடு எப்படிக் கைகோத்தான்? அதுவும் யாரைக் கொல்ல? அம்மாவின் ரத்தத்தைக் காட்டி ஏவிவிடப்பட்ட நாய்களைத் துரத்த வழி கண்டுபிடித்த ஃபயர்ஸ்டாரை. ஸ்க்விரல்ஃப்ளைட்டின் அப்பா என்கிற ஒரே காரணத்துக்காக.

பிராம்பிள்க்ளா பக்கத்திலேயே இருந்தான். அவனைத் தாக்கவில்லை. ஆஷ்ஃபரின் கோபம் ஆரம்பத்தில் இருந்து ஒரே ஆள் மீதுதான், அவள் தனக்குச் சொந்தம் என்று அவன் நினைத்துக்கொண்டதில்தான். அம்மாவின் சாவு அவனுக்கு நேர்ந்த கொடுமை, அதில் சந்தேகமே இல்லை. அதற்கும் அவன் பின்னால் செய்ததற்கும் புத்தகத்தில் முடிச்சு கிடையாது. அந்த முடிச்சைப் போடுவது நாம்தான். அவனுக்காக இரக்கப்பட ஒரு காரணம் வேண்டும் என்று தேடுகிறோம்.

இதையும் பாருங்கள், லயன்பிளேஸுக்குப் பயிற்சி கொடுத்தவனே ஆஷ்ஃபர். தினமும் வேட்டைக்கும் சண்டைக்கும் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்த குட்டி. அந்தக் குட்டி நெருப்புக்கு நடுவில் நிற்கிறான், இவன் கிளையை மறித்துக்கொண்டு நிற்கிறான். குரு ஸ்தானத்தில் இருந்தவன் செய்கிற காரியமா இது? இவ்வளவு செய்யத் துணிந்தவனுக்கு ஒரு உடம்பைத் திருடுவது பெரிய தாவல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். அதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஆவிகளைக் கட்டுப்படுத்துவது, ஸ்டார்கிளானோடு தொடர்பை வெட்டுவது எல்லாம் இழுத்த இழுப்பு. ஐந்தாவது புத்தகத்தில் இருண்ட காட்டுக்குள் போனதும் எனக்கும் அலுப்புத் தட்டியது. ஆனால் அவன் பிராம்பிள்ஸ்டார் வேஷத்தில் தண்டர்கிளானை நடத்திய பகுதி இருக்கிறதே, அது தங்கம். விதியை மீறியவர்களின் பெயர்களைக் கேட்கிறான். ஸ்க்விரல்ஃப்ளைட், ஜேஃபெதர், லயன்பிளேஸ், க்ரோஃபெதர், மாத்விங் என்று பட்டியல் போகிறது. அரைக்குல ரத்தம் என்றும், பொய் சொன்னவள் என்றும், ஸ்டார்கிளானை நம்பாதவள் என்றும் ஆளுக்கு ஒரு குற்றம். எல்லாமே பழைய புத்தகங்களில் நாம் பார்த்து, குலம் மன்னித்து முடித்த விஷயங்கள். அவற்றைச் சட்டத்தின் பெயரால் தோண்டியெடுத்து, தனக்கு வேண்டாதவர்களைத் துரத்துகிறான். சின்னப் பூனைகளும் ஒழுக்கம் என்று நம்பி அவன் பின்னால் போகிறார்கள். பிரிஸ்டில்ஃப்ராஸ்ட் அவனுக்காக உளவு சொல்கிறாள், அதுவும் முழு நம்பிக்கையோடு! இந்த இடத்தில் அவன் பொம்மை இல்லை. இப்படிப்பட்டவர்களை நாம் வாழ்க்கையில் பார்த்திருக்கிறோம்.

நாணல் எழுதியது:

பிராம்பிள்ஸ்டாருக்காக யாராவது பேசுவீர்களா, இல்லை நானே பேசட்டுமா?

எல்லோரும் ஸ்க்விரல்ஃப்ளைட்டின் தியாகம் என்கிறீர்கள். அந்தத் தியாகத்துக்கு விலை கொடுத்தது யார்? மூன்று குட்டிகளை என் பிள்ளைகள் என்று நெஞ்சில் போட்டு வளர்த்தவன். அவனுக்கும் அப்பா என்றாலே டைகர்ஸ்டார் நிழல். பிறந்ததில் இருந்து, இவனும் அப்படித்தான் ஆவான் என்று குலமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நல்ல அப்பாவாக இருக்க முடியும் என்று அவன் நிரூபித்த ஒரே இடம் அந்த மூன்று குட்டிகள். அதுவும் பொய் என்று ஒரு பௌர்ணமி இரவில், நாலு குலத்துக்கும் முன்னால் தெரியவருகிறது. அவன் முகம் திருப்பியதில் என்ன தப்பு?

2019இல் வந்த ‘ஸ்க்விரல்ஃப்ளைட்ஸ் ஹோப்’ அவனை மோசமான கணவனாகக் காட்டுகிறது, சரி. அது ஸ்க்விரல்ஃப்ளைட் பார்வையில் எழுதப்பட்ட புத்தகம். அவன் பார்வையில் எழுதிய ‘பிராம்பிள்ஸ்டார்ஸ் ஸ்டார்ம்’ படித்தால் எவ்வளவு பயந்த, யோசிக்கிற தலைவன் என்று தெரியும். யார் கண் வழியாகப் பார்க்கிறோமோ அவர்தான் நியாயவான் ஆகிவிடுகிறார் இந்தத் தொடரில்.

தும்பிக்கூட்டம் எழுதியது:

நாணல் சொன்ன கடைசி வரி ரொம்ப முக்கியம். ஃபயர்ஸ்டாரையே பாருங்கள். முதல் வரிசையில் உள்ளே இருந்து பார்த்தோம், பயம், சந்தேகம், எல்லாம் தெரிந்தது. மூன்றாம் வரிசையில் பேரக்குட்டிகள் கண்ணுக்கு அவர் எட்டாத உயரத்தில் பாறை மேல் நிற்கிற ஒரு தாத்தா. அதே பூனைதான்.

என் கட்சி ஹாலிலீஃப். விதி விதி என்று அதையே மூச்சாக வைத்திருந்தவள். அந்த விதியே தன் பிறப்பைக் குற்றம் என்கிறது என்று தெரிந்தால் என்ன ஆவாள்? ஆஷ்ஃபரைக் கொன்றது, லீஃப்பூல் முன்னால் விஷப்பழத்தை வைத்துத் தின்னச் சொன்னது, இரண்டும் விதியைக் காப்பாற்றுகிறேன் என்கிற வெறி. ‘சன்ரைஸ்’ முடிவில் சுரங்கம் இடிந்து அவள் மேல் விழும்போது நான் அழுதுவிட்டேன். பிறகு 2011இல் ‘தி ஃபர்காட்டன் வாரியர்’ புத்தகத்தில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். ஒரு கொலை செய்துவிட்டுப் போனவள் திரும்பி வருகிறாள், குலம் பெரிதாக ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. அவளும் அமைதியாகிவிட்டாள். அந்த அமைதி எப்படி வந்தது என்பதைச் சுரங்கத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். தனிக் குறுநாவல் ஒன்று இருக்கிறது, ஆனால் முதன்மை வரிசையில் காட்டியிருக்க வேண்டாமா?

‘தி லாஸ்ட் ஹோப்’ புத்தகத்தில் ஐவிபூலைக் காப்பாற்ற ஹாக்ஃப்ராஸ்ட் முன்னால் பாய்ந்து செத்துப் போகிறாள். நல்ல சாவு. ஆனால் அவளுக்கு நல்ல வாழ்வுதான் பாக்கி வைத்திருந்தார்கள்.

மழைப்பூனை எழுதியது:

தும்பிக்கூட்டம், அந்தக் கடைசி வரிக்கு நான் எதிர்வாதமே வைக்கப் போவதில்லை. ஹாலிலீஃபுக்கு நடந்தது அநியாயம். மூன்று பூனைகளுக்குத் தனிச்சக்தி உண்டு என்ற தீர்க்கதரிசனத்தில் ஜேஃபெதருக்கும் லயன்பிளேஸுக்கும் இடம் இருந்தது, சக்தி இருந்தது. மூன்றாவது ஆள் டவ்விங் என்று ஆன பிறகு இவளுக்கு ஒன்றுமே இல்லை. விதியும் கைவிட்டது, தீர்க்கதரிசனமும் கைவிட்டது. அப்படி ஒன்றுமே மிச்சமில்லாத ஒருத்தி மறுபடி எழுந்து நிற்பதுதான் எழுதியிருக்க வேண்டிய கதை. ஒரு வரிசை முழுக்க எழுதலாம்.

நாணல், பிராம்பிள்ஸ்டார் விஷயத்தில் நீங்கள் சொன்ன முதல் பாதியை முழுசாக ஏற்கிறேன். அந்தப் பௌர்ணமிக் கூட்டத்தில் அவன் நிலையை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அவன் கோபப்பட்டது நியாயம். ‘ஓமன் ஆஃப் தி ஸ்டார்ஸ்’ வரிசை நெடுக அவன் காட்டிய அந்தக் குளிர்ச்சிகூட நியாயம்தான். அந்த வரிசையின் முடிவில் தலைவனானதும் அவளையே துணைத் தலைவியாக அவன் தேர்ந்தெடுப்பது இருக்கிறதே, அவன் வாழ்க்கையின் சிறந்த தருணம் அதுதான். மன்னித்தேன் என்று பேசி உருகவில்லை. குலத்தை நம்பி ஒப்படைக்கத் தகுதியானவள் இவள்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறான்.

அதனால்தான் ‘ஸ்க்விரல்ஃப்ளைட்ஸ் ஹோப்’ எனக்கு வலித்தது. நம்பி ஒப்படைத்தவளை, அவள் வாய் திறந்ததும் அடக்கப் பார்க்கிறான். சிஸ்டர்ஸ் என்ற கூட்டத்தோடு சமாதானமாகப் போகலாம் என்று அவள் சொல்வது குலத்துக்கு எதிரான பேச்சு ஆகிவிடுகிறது. பார்வை மாறியதால் மட்டும் வந்த வித்தியாசம் என்று இதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அவன் சொன்ன சொற்கள் அவன் சொன்னவைதான், யார் காதில் விழுந்தாலும்.

அந்தப் புத்தகத்தில் நான் உயிராய்ப் பிடித்துக்கொண்டிருப்பது லீஃப்பூலின் முடிவு. அக்காவும் தங்கையும் பாறைச் சரிவில் அடிபட்டு ஸ்டார்கிளானின் வாசலில் நிற்கிறார்கள். ஸ்க்விரல்ஃப்ளைட் திரும்பி வருகிறாள், லீஃப்பூல் வரவில்லை. இவ்வளவு பெரிய பொய்யைச் சேர்ந்து சுமந்தவர்கள் இப்படிப் பிரிகிறார்கள். ஆஷ்ஃபர் அங்கேயே அவள் முன்னால் வந்து நிற்கிறான், இன்னும் மாறாத ஆசையோடு. ‘புரோக்கன் கோட்’டில் வந்தது திடீர் என்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அன்னப்பேடு எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் மகள் ஐந்தாம் வகுப்பு, முதல் புத்தகம் ஆரம்பித்திருக்கிறாள். இங்கே கொலை, தீ, விஷப்பழம் என்று படிக்கப் படிக்கக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?

வெண்முகில் எழுதியது:

கொடுக்கலாம் அம்மா, ஆனால் கூடவே நீங்களும் படியுங்கள். முதல் புத்தகத்திலேயே சாவு உண்டு, ரத்தம் உண்டு. கடைசிப் புத்தகத்தில் தலைவனானதால் டைகர்ஸ்டாருக்குக் கிடைத்த ஒன்பது உயிரும் ஒரே காயத்தில் போகிற இடம் பெரியவர்களையே அசைத்துவிடும். அங்கே வரும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவளுக்குக் கேள்விகள் வரும்.

கரிச்சான் எழுதியது:

மழைப்பூனை, ஹாக்ஃப்ராஸ்ட் கூட்டணி பற்றி நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். நல்ல அடி. பிரிண்டில்ஃபேஸை வைத்து அவனுக்கு வாதாடுவது இனிமேல் எனக்குக் கஷ்டம்.

ஆனால் என் மனக்குறை போகவில்லை. அவன் முதலில் இருந்தே இப்படித்தான் என்றால், அவனை ஸ்டார்கிளானில் ஏற்றுக்கொண்ட பூனைகள் மேல்தானே விசாரணை வந்திருக்க வேண்டும்? ‘எ லைட் இன் தி மிஸ்ட்’ முடிவில் பிரிஸ்டில்ஃப்ராஸ்ட் அவனை இழுத்துக்கொண்டு கருந்தண்ணீரில் விழுகிறாள். இரண்டு பேரும் இல்லாமலே போகிறார்கள், ஸ்டார்கிளானில்கூட இடம் இல்லை அவளுக்கு. பழைய பூனைகள் போட்ட தப்புக் கணக்குக்கு ஒரு சின்னப் பெண் தன்னை முழுசாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவளை நேசித்த ரூட்ஸ்ப்ரிங் கரையில் நிற்கிறான். தீர்ப்பைத் திரும்ப விசாரித்தார்கள் என்கிறீர்களே, தீர்ப்பு சொன்னவர்களை யார் விசாரித்தார்கள்?

மழைப்பூனை எழுதியது:

இதற்கு என்னிடம் தற்காப்பு இல்லை, உங்கள் பக்கமே நிற்கிறேன். ஸ்டார்கிளான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு தலைவி, ஒரு பழைய மருத்துவப் பூனை, யாராவது ஒருவர் ஸ்க்விரல்ஃப்ளைட் முன்னால் வந்து, உன்னை நெருப்பில் நிறுத்தியவனை நாங்கள் எங்களோடு வைத்திருந்தோம் என்று தலை குனிந்திருக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்காக நான் எத்தனை அத்தியாயம் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். பிரிஸ்டில்ஃப்ராஸ்ட் விஷயத்தில் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அவளுக்குத் தனி இழையே போடலாம். நீங்கள் தொடங்குங்கள், முதல் பதில் என்னுடையது.

2022இல் தொடங்கிய ‘எ ஸ்டார்லெஸ் கிளான்’ வரிசை பற்றி மட்டும் ஒன்று சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நாணலுக்கும் அதில் பதில் இருக்கிறது. உடம்பு திரும்பக் கிடைத்த பிறகும் பிராம்பிள்ஸ்டார் பழையபடி ஆவதில்லை. தன் உருவத்தில் இன்னொருவன் குலத்தை ஆண்டதை ஆவியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். நிறையப் பூனைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு தலைவனுக்குத் தன் குரல் மேலேயே எப்படி நம்பிக்கை வரும்? தயங்குகிறான், முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறான், பாரம் முழுக்க ஸ்க்விரல்ஃப்ளைட் மேல் விழுகிறது. கடைசியில் விலகுகிறான். டைகர்ஸ்டாரின் மகன், பதவியை வேண்டாம் என்று இறக்கி வைக்கிறான்! அவன் அப்பா அந்தப் பதவிக்காக எத்தனை பேரைக் கொன்றான் என்று நினைத்துப் பாருங்கள். நாணல், உங்கள் ஆளுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கொடுக்க முடியாது, நான் மனமாரச் சொல்கிறேன்.

அவள் ஸ்க்விரல்ஸ்டார் ஆகிறாள். வாயாடிக் குட்டி, பொய் சொன்ன தாய், துரத்தப்பட்ட விதிமீறி, எல்லாமாக இருந்தவள் தலைவி. அவள் பேரன் நைட்ஹார்ட் வேறு, ஃபயர்ஸ்டாரை நினைவூட்டும் பெயரே எனக்கு வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறான். அந்த முறைப்பை முதலில் யாரிடம் பார்த்தோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு பேரையும் ஒரே காட்சியில் எதிரெதிரே வைத்து இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் ஆசை.